மருந்துச் சோதனைக்கு விமானம் ஏறலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஒரு மருந்து கடைக்கு வருமுன் யாராவது ஒருத்தர் அதை முதலில் விழுங்கிப் பார்த்திருக்க வேண்டும் என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு குமரி மாவட்டத்திலிருந்து மட்டும் ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. அதனால் இந்த மாதம் வேறு எதுவும் இல்லை, இதுதான். புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: நான் டாக்டர் இல்லை. தக்கலைக்காரன். பெங்களூரில் ஒரு மருந்து ஆய்வு நிலையத்தில், தன்னார்வலர்களைப் பதிவு செய்யும் மேசையில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தவன். மருந்தைவிட அந்த மேசையைப் பற்றித்தான் எனக்கு அதிகம் தெரியும்.

பெயர் வேண்டாம், குலசேகரம்: வயது 26. டிப்ளமோ முடித்துவிட்டு அப்பாவோடு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறேன். மழை பிடித்தால் வெட்டு கிடையாது, காசும் கிடையாது. மார்த்தாண்டத்தில் ஒரு ஏஜெண்ட், ஐரோப்பாவில் மருந்து ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், மூன்று வாரம் படுத்தால் மூன்றரை லட்சம் என்கிறார். விசா, டிக்கெட் அவர் பொறுப்பு. முன்பணம் எண்பதாயிரம். அப்படியே ஊரையும் சுற்றிப் பார்த்துவிட்டு வரலாமாம். உடம்புக்கு ஏதாவது ஆகுமா? போகலாமா?

அந்த எண்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள் தம்பி. கொடுத்துவிட்டீர்கள் என்றால் போய்ச் சண்டை போட்டாவது திருப்பி வாங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பதினோரு வருடத்தில் ஒரு தன்னார்வலரிடமும் நாங்கள் ஒரு ரூபாய் வாங்கியதில்லை. ரத்தம் பார்த்து, ஈசிஜி எடுத்து, ஹீமோகுளோபின் குறைவாக இருக்கிறது, சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியவருக்குக்கூட பஸ் காசு கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம். எந்த நாடாக இருந்தாலும் இதில் பணம் மருந்து செய்கிறவரிடமிருந்து படுக்கிறவருக்குத்தான் போகும். உங்களிடம் கேட்கிறார்கள் என்றால் அது ஆய்வே இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப அரசிடம் உரிமம் வாங்கிய ஏஜெண்டே 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம் என்று விதி. மருந்துச் சோதனையில் படுப்பது வேலைக் கணக்கிலேயே வராது. அதனால் அவர் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் லைசென்ஸ் டிரைவரையும் எலக்ட்ரீஷியனையும் அனுப்புவதற்கு, உங்களைப் படுக்க வைப்பதற்கு அல்ல.

விசாவும் சுற்றுலா விசாவாகத்தான் இருக்கும். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடப் போவது நீங்கள், ஏஜெண்ட் இல்லை. அங்கே விமான நிலையத்தில் நிறுத்திக் கேட்டால் பொய் சொன்ன ஆள் நீங்கள்தான். (தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று கிளம்பி மியான்மரில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளின் கதை நம் ஊரில் யாருக்கும் மறந்திருக்காது.)

சரி, ஏஜெண்ட் வேண்டாம், நேராகவே போகிறேன் என்பீர்கள். வெளியூர் ஆளை வாசலில் பார்த்ததும் அங்கே கட்டில் போட்டுத் தர மாட்டார்கள். பிரான்சில், அந்த நாட்டு சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் இருப்பவரை மட்டும்தான் இப்படிப்பட்ட ஆய்வில் சேர்க்கலாம் என்று சட்டமே இருக்கிறது. வருடத்துக்கு ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பும் உண்டு. பிரிட்டனில் உங்கள் குடும்ப டாக்டருக்கு எழுதி, இவருக்குப் பழைய நோய் ஏதாவது உண்டா என்று கேட்பார்கள். அங்கே உங்களுக்குக் குடும்ப டாக்டர் யார்? ஒரே ஆள் இரண்டு இடத்தில் போய்ப் படுக்காமல் இருக்க ஒரு பொதுப் பதிவேடும் வைத்திருக்கிறார்கள். இதில் நிறம் பார்த்து ஒதுக்குவது எதுவும் இல்லை. ஜப்பானியர் உடம்பில், சீனர் உடம்பில் ஒரு மருந்து எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க அவர்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கும் ஆய்வுகளும் உண்டு. ஆளுடைய பழைய கதை தெரிய வேண்டும், ஆய்வு முடிந்த பிறகும் கூப்பிட்டால் வரும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படுப்பது என்றால் என்ன என்று ஏஜெண்ட் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். முந்தின நாள் சாயங்காலம் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள். மிட்டாய், பாக்கு, பழைய தலைவலி மாத்திரை எதுவும் கூடாது. பத்து மணி நேரம் பட்டினி. காலையில் முழங்கை மடிப்பில் ரத்தம் எடுக்க கேனுலா என்ற சின்னக் குழாயைக் குத்தி வரிசையாக உட்கார வைப்பார்கள். முதல் கட்டிலுக்கு எட்டு மணி என்றால் அடுத்த கட்டிலுக்கு எட்டு இரண்டு. மாத்திரை, கூடவே 240 மில்லி தண்ணீர், ஒரு மடக்கும் மிச்சம் வைக்கக் கூடாது. விழுங்கியதும் ஒருவர் டார்ச் அடித்து நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள், விரல் இடுக்கில் எல்லாம் பார்ப்பார். அந்த டார்ச் பிடித்த ஆளாக நான் ஆறு மாதம் இருந்திருக்கிறேன். மீசை நரைத்த மனிதர்கள் குழந்தை மாதிரி ஆ காட்டும்போது எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். அப்புறம் நாலு மணி நேரம் சாப்பாடு கிடையாது. கால் மணிக்கு, அரை மணிக்கு, ஒரு மணிக்கு என்று ரத்தம் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், மொத்தம் இருபது தடவை என்பது சாதாரணம். சோறு வந்தால் எல்லாருக்கும் ஒரே அளவு, பிடிக்காததை ஒதுக்கி வைக்க முடியாது. இந்த அடைபட்ட இருப்புக்குத்தான் காசு. பிரிட்டனில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: நேரத்துக்கும் சிரமத்துக்கும் பணம் கொடு, ஆபத்துக்கு விலை வைக்காதே.

ஆபத்து எவ்வளவு என்று கேட்டீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் பார்த்தது தலைவலி, குமட்டல், ஊசியைப் பார்த்ததும் சரிந்து விழுந்த ஜிம் பையன்கள். ஆனால் நாங்கள் செய்தது ஏற்கெனவே கடையில் இருக்கும் மருந்தை இன்னொரு கம்பெனி செய்தால் அது ரத்தத்தில் அதே அளவு சேர்கிறதா என்று ஒப்பிடும் வேலை. மனித உடம்பில் முதல் தடவையாக ஏற்றும் மருந்து வேறு கதை. 2006 மார்ச்சில் லண்டனில் எட்டு ஆரோக்கியமான ஆண்கள், ஆளுக்கு 2,000 பவுண்டு பேசி, படுத்தார்கள். இரண்டு பேருக்கு பிளசீபோ, அதாவது மருந்தே இல்லாத வெறும் ஊசி. ஆறு பேருக்கு டிஜிஎன்1412 என்ற புது மருந்து, விலங்குகளுக்கு ஒன்றும் செய்யாத அளவில் ஐந்நூறில் ஒரு பங்குதான். பத்து நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டே போனார்கள். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஆறு பேரும் துடிக்க ஆரம்பித்தார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தின்னக் கிளம்பிவிட்டது. உயிர் எல்லாருக்கும் மிஞ்சியது. ஒருவருக்குக் கால்விரல்களும் கைவிரல் நுனிகளும் போயின. மருந்தைச் செய்த சின்ன ஜெர்மன் கம்பெனி நாலே மாதத்தில் திவால்.

அதற்கப்புறம், முதலில் ஒருவருக்கு மட்டும் கொடுத்துவிட்டுக் காத்திருந்து பாருங்கள் என்று விதியை இறுக்கினார்கள். இருந்தும் 2016 ஜனவரியில் பிரான்சில் ரென் நகரத்தில் ஒரு புது மருந்துச் சோதனையில் ஒருவர் இறந்தார். அவரை ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகும், மறுநாள் காலை மற்றவர்களுக்கு அடுத்த டோஸ் கொடுக்கப்பட்டது.

இவ்வளவு சொல்லியும், எனக்குப் பெரிய பயம் வார்டுக்குள் நடப்பதைப் பற்றி இல்லை. அங்கே டாக்டர் நிற்பார், ஐசியூ பக்கத்தில் இருக்கும். பயமெல்லாம் நீங்கள் ஊர் திரும்பிய பத்தாம் நாளைப் பற்றித்தான்.

எங்கள் நிலையத்தில் நடந்தது ஒன்று. ஒருவருடைய கடைசி ரத்தத்தில் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தது. ரிப்போர்ட் வருமுன் அவர் ராய்ச்சூர் பக்கம் தன் ஊருக்கு பஸ் ஏறிவிட்டார். போன் அணைந்து கிடந்தது. பதிவேட்டில் இருந்த முகவரி பழையது, அதைச் சரிபார்க்காமல் விட்டவன் நான். இரண்டு நாள் கழித்து ஆள் அனுப்பித்தான் பிடித்தோம். மனிதர் காய்ச்சல் மாதிரி இருக்கிறது என்று பாரசிட்டமால் வாங்கி வேளைக்கு இரண்டாக விழுங்கிக்கொண்டிருந்தார், ஏற்கெனவே வீங்கிய கல்லீரலுக்கு. நல்லவேளை சரியாகிவிட்டது. இத்தனைக்கும் ஒரே மாநிலம், மருந்தின் பெயரும் எங்களுக்குத் தெரியும்.

உங்கள் கதையை யோசியுங்கள். குலசேகரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு உடம்பெல்லாம் தடித்து மூச்சு இழுக்கிறது. ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ட்யூட்டி டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, என்ன மருந்து சாப்பிட்டீங்க? சோதனையில் இருக்கும் மருந்துக்குப் பெயர் கிடையாது, நாலு எழுத்தும் நாலு எண்ணும்தான். அதைச் சொன்னாலும் அவர் எந்தப் புத்தகத்தில் தேடுவார்? நீங்கள் விழுங்கியது மருந்தா பிளசீபோவா என்பது உங்களுக்கே தெரியாது. தெரிந்த இடம் ஏழெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி, வேறு மொழி பேசிக்கொண்டு, ஒருவேளை தூங்கிக்கொண்டும் இருக்கும். ஜெர்மனியில் ஒரு ஆளுக்குக் குறைந்தது 5 லட்சம் யூரோவுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று சட்டம். நல்ல சட்டம்தான், ஆனால் குலசேகரத்திலிருந்து அதை யார் போய் வாங்குவது? அமெரிக்காவிலோ, ஆய்வில் அடிபட்டவருக்கு நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று பொதுவான மத்தியச் சட்டமே இல்லை.

அதனால் போக வேண்டாம். செய்தே பார்க்க வேண்டும் என்றால் இந்தியாவிலேயே பெங்களூர், ஹைதராபாத், அகமதாபாத், சென்னை என்று நிலையங்கள் இருக்கின்றன. 2019 விதிகளின்படி ஆய்வால் உடம்புக்கு ஏதாவது ஆனால் இலவச சிகிச்சை அவர்கள் பொறுப்பு. ஆனால் மழைக்கால வருமானமாக இதை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரு ஆய்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே பெரும்பாலும் மூன்று மாதம் இடைவெளி கேட்பார்கள். இதுதான் சார் முதல் தடவை என்று சொல்லிக்கொண்டே சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொள்ளும் ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மடிப்பில் ஊசித் தழும்பு வரிசையாக நிற்கும்.

ஒரு தாய், மார்த்தாண்டம்: மகள் பிரிட்டனில் முதுகலை படிக்கிறாள். கொசுவை விட்டுக் கடிக்க வைத்து மலேரியா வரவழைத்து, பிறகு மருந்து கொடுத்துக் குணமாக்கும் ஆராய்ச்சியில் சேரப் போகிறேன் என்று வீடியோ காலில் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. அவளுக்கு இன்னும் கல்யாணம்கூட ஆகவில்லை.

கேட்கப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கும் அம்மா, ஆனால் இது நிஜமான ஆய்வுதான். வலை கட்டிய ஒரு சின்ன டப்பாவில் நோய்க்கிருமி உள்ள ஐந்து கொசுக்களை வைத்து முழங்கையில் கவிழ்ப்பார்கள். ஒரு வாரம் போனதும் தினமும் ரத்தம் பார்ப்பார்கள், கிருமி தலைகாட்டியதும் மருந்து. மருந்துக்குக் கட்டுப்படும் வகைக் கிருமியைத்தான் இதற்கு வைத்திருப்பார்கள், அது உடம்புக்குள் ஒளிந்திருந்து வருடம் கழித்துத் திரும்பி வரும் வகையும் அல்ல. ஆக்ஸ்போர்டில் உருவாக்கி, புனேயில் சீரம் இன்ஸ்டிடியூட் தயாரிக்கும் ஆர்21 மலேரியா தடுப்பூசியை 2023 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்குப் பரிந்துரைத்ததே, அதற்கும் முன்னால் இப்படிக் கையைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2021-இல் லண்டனில் 36 இளைஞர்கள் மூக்கில் கொரோனா வைரஸைச் சொட்டாக விட்டுக்கொண்டார்கள். இன்னும் பின்னால் போனால் சாலிஸ்பரியில் ஜலதோஷ ஆராய்ச்சிக்கென்றே 1946 முதல் நாற்பது வருடத்துக்கு மேல் ஒரு இடம் இருந்தது. பத்து நாள் விடுமுறை மாதிரி வந்து தங்கி, சதுரங்கம் ஆடி, தும்மிவிட்டுப் போவார்கள்.

குலசேகரம் தம்பிக்கு வேண்டாம் என்றவன் உங்கள் மகளுக்கு ஏன் இப்படிப் பேசுகிறேன் என்றால், அவள் அங்கேயே இருக்கிறாள். அங்கே டாக்டர் உண்டு, ஆய்வு நடக்கும் இடம் பஸ் தூரத்தில், சம்மதப் படிவத்தை அவளே வரிவரியாகப் படிப்பாள். மாணவர் விசாவில் இந்தப் பணம் வாங்கலாமா என்பதை மட்டும் பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஆய்வு நடக்கும் காலத்தில் கர்ப்பம் கூடாது என்பார்கள், அது அந்தக் காலத்துக்கு மட்டும். கொஞ்ச காலம் ரத்ததானம் செய்ய முடியாது. குணமான மலேரியாவை ஜாதகத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்கு வர டிக்கெட் என்றைக்குப் போட்டிருக்கிறாள்? கடைசி ரத்தப் பரிசோதனை முடியுமுன் விமானம் ஏறுவதாக இருந்தால் இந்த வருடம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

குளச்சல் வாசகி: வீட்டுக்காரர் அபுதாபியில் ஏசி மெக்கானிக். 2020-இல் அங்கே கொரோனா ஊசி ஆராய்ச்சியில் கையெழுத்துப் போட்டு ஊசி போட்டுக்கொண்டார். இப்போது முட்டு வலிக்கிறது என்கிறார். அதுதான் காரணமா?

அந்த ஆய்வில் 125 நாட்டுக்காரர்கள், 31,000 பேருக்கு மேல் சேர்ந்தார்கள், அதில் நம் ஆட்களும் உண்டு. செயலிழக்க வைத்த வைரஸில் செய்த சீன ஊசி, 2021 மே மாதம் உலக சுகாதார நிறுவனமே அதை அவசரப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு பகுதியினருக்கு தடுப்பூசியே போடவில்லை, ஒப்பிடுவதற்கான வெறும் ஊசிதான்; உங்கள் வீட்டுக்காரர் எந்தப் பக்கம் என்று அவருடைய காகிதத்தில் இருக்கிறதா பாருங்கள். இத்தனை வருடம் ஏசி பெட்டியைத் தோளில் வைத்து மாடி ஏறிய முட்டு, ஊசி இல்லாமலே வலிக்கும். எலும்பு டாக்டரைப் பார்க்கட்டும், காகிதத்தைத் தொலைக்காமல் வைக்கட்டும்.

ஒரு தகப்பன், திங்கள்நகர்: மகனுக்கு ஏழு வயது, டுஷேன் தசைச் சிதைவு. மாடி ஏற முழங்காலைப் பிடித்துக்கொள்கிறான். வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஆராய்ச்சியில் சேர்க்க 12 லட்சம் கேட்கிறார்கள். அமெரிக்காவில் ஜீன் ஆராய்ச்சி நடக்கிறது, அதில் இலவசம் என்று ஒருவர் சொல்கிறார். வீட்டை விற்கவும் தயார்.

வீட்டை விற்காதீர்கள் அண்ணே. 12 லட்சம் கேட்பது ஆராய்ச்சி இல்லை, வியாபாரம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல், சில ரத்த நோய்களுக்கு மஜ்ஜை மாற்றுவது போன்றவை தவிர மற்ற எந்த ஸ்டெம் செல் சிகிச்சையையும் ஆய்வாக மட்டும்தான் செய்யலாம் என்கிறது, நோயாளியிடம் காசு வாங்காமல். விமானம் ஏறி வேறு நாட்டுக்குப் போய்விட்டால் அந்த வியாபாரம் ஆராய்ச்சி ஆகிவிடாது.

ஜீன் விஷயம் உண்மைதான், ஆனால் கேட்டுக்கொள்ளுங்கள். 2023 ஜூனில் அமெரிக்காவில் இந்த நோய்க்கு முதல் ஜீன் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. விலை 32 லட்சம் டாலர். 2025-இல், நடக்க முடியாத நிலைக்குப் போயிருந்த இரண்டு பையன்கள் அந்த ஊசிக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். உடம்புக்குள் புதிதாக அனுப்பும் ஜீனைத் தூக்கிக்கொண்டு போவது ஒரு வைரஸ். பையன் உடம்பில் அந்த வைரஸுக்கு ஏற்கெனவே எதிர்ப்பு இருந்தால் ஆய்வில் சேர்க்க மாட்டார்கள். ஒரு தடவை ஏற்றிவிட்டால் உடம்பு அதை ஞாபகம் வைத்துக்கொள்ளும், பின்னால் இதைவிட நல்லது ஒன்று வந்தாலும் கதவு பெரும்பாலும் மூடிவிடும். ஏற்றிய பிறகு மாதக்கணக்கில் அடிக்கடி கல்லீரல் பார்க்க ரத்தம் எடுக்க வேண்டும், ஸ்டீராய்டு கூட்டிக் குறைக்க வேண்டும். திங்கள்நகரில் இருந்துகொண்டு அது நடக்காது, குடும்பத்தோடு அங்கேயே தங்க வேண்டும். நல்ல ஆய்வுகளில் பயணத்துக்கும் தங்குவதற்கும் அவர்களே பெரும்பாலும் கொடுப்பார்கள், ஆனால் உங்கள் வேலை, இன்னொரு பிள்ளையின் பள்ளிக்கூடம், அதற்கெல்லாம் யாரும் கொடுக்க மாட்டார்கள்.

முதல் வேலை, மகனுடைய ஜீன் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா பாருங்கள். எந்த இடத்தில் எந்தத் துண்டு இல்லை என்பது அதில் இருக்கும், அது இல்லாமல் எந்த ஆய்வும் உங்களோடு பேசாது. அடுத்து, இலவசம் என்று சொன்னவரிடம் ஆய்வின் பதிவு எண் கேளுங்கள். அமெரிக்கப் பதிவேடு என்றால் என்சிடி என்று தொடங்கி எட்டு இலக்கம் வரும். எண் சொல்லத் தெரியாதவரோடு அதற்கு மேல் பேச வேண்டாம். எண் கிடைத்தால் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ராவிலோ வேலூரிலோ நரம்பியல் டாக்டரிடம் கொண்டுபோய் நீட்டுங்கள். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளையும் சிடிஆர்ஐ பதிவேட்டில் அவர்களே பார்த்துச் சொல்வார்கள். அதுவரை டாக்டர் எழுதிய ஸ்டீராய்டையும் இருதயப் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்: நம் ஆட்கள் அங்கே போவது இருக்கட்டும், அவர்கள் மருந்து இங்கே வந்து நம் ஏழைகளை எலியாக்குகிறதே, அதை எழுதுவீரா?

எழுதுகிறேன் சார். திருவனந்தபுரத்தில், நம் ஊர்க்காரர்களும் போய்ப் படுக்கிற ஒரு மையத்தில், வாய்ப் புற்றுநோயாளிகள் 26 பேருக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சியாளருடைய ரசாயனத்தை முறையான அனுமதி இல்லாமல் செலுத்தியது 2001-இல் வெளியே வந்தது. அந்தப் பல்கலைக்கழகமே விசாரித்துத் தவறு என்று ஒத்துக்கொண்டது. 2009 ஜூனிலிருந்து இங்கே ஒவ்வொரு மருந்துச் சோதனையும் பொதுப் பதிவேட்டில் ஏறியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யாரும் பார்ப்பதில்லை என்பது வேறு.

எங்கள் பாட்டாவுக்கு நெய்யூரில் வயிற்றுப்புண் ஆபரேஷன் நடந்தது, செய்தவர் எவரெஸ்ட் ஏறப் போன ஆங்கிலேய டாக்டர் சாமர்வெல். என்ன செய்யப் போகிறார் என்று கேட்டீர்களா என்றால், ‘சாயிப்பு படுக்கச் சொன்னாரு, படுத்தேன்’ என்பார். பாட்டாவுக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் அந்த ‘படுக்கச் சொன்னாரு, படுத்தேன்’ இன்னும் நம் வாயில் இருக்கிறது, எனக்கு அதுதான் பிடிக்கவில்லை. பதினாறு பக்கச் சம்மதப் படிவத்தைத் தமிழில் கொடுத்தாலும் நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போய், எங்கே சார் கையெழுத்து என்று கேட்டவர்கள்தான் என் மேசையில் அதிகம். நானும் விரலால் இடத்தைக் காட்டியிருக்கிறேன்.

திட்டுவிளை வாசகர்: ஹைதராபாத்தில் ஒரு ஆய்வுக்குப் போனேன். சிறுநீரில் அபின் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பீடிகூடத் தொட்டதில்லை ஐயா, மானம் போகிறது.

முந்தின நாள் எங்கே கல்யாணம்? கறிக்குழம்பில் கசகசா அரைத்து விட்டிருப்பார்கள். கசகசாவும் அபினும் ஒரே செடி, கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டாலே சிறுநீரில் காட்டும். எங்களிடமும் ரம்ஜான் முடிந்த வாரத்தில் இரண்டு மூன்று பேர் இப்படி மாட்டுவார்கள். அதே மாதிரி பம்பளிமாஸ் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள், பல மருந்துகளை உடம்பு கரைக்கும் வேகத்தை அது குறைத்துவிடும். வீட்டில் மரம் நிற்கிறது, உரித்துத் தின்றேன் என்று உண்மையைச் சொன்ன ஒரு பையனை நாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

கருங்கல் வாசகி: அண்ணன் ஏற்கெனவே போய்விட்டான். எந்த நாடு என்று எழுத வேண்டாம். ஆராய்ச்சி வார்டில் இருக்கிறானாம். பாஸ்போர்ட் அவர்கள் கையில். திரும்பி வருகிறேன் என்றால் டிக்கெட் காசையும் சாப்பாட்டுக் காசையும் கட்டிவிட்டுப் போ என்கிறார்களாம்.

தங்கச்சி, எந்த நாட்டிலும் ஒழுங்கான ஆய்விலிருந்து எந்த நேரமும், காரணம் சொல்லாமல், எழுந்து போகலாம். டிக்கெட் காசு கட்டு என்று மிரட்டக் கூடாது, அதுவரை இருந்த நாளுக்கு உள்ள பணத்தையும் பிடித்து வைக்கக் கூடாது. பாஸ்போர்ட்டை வாங்கி வைப்பது எந்த ஆய்விலும் கிடையாது, நகல் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுப்பதுதான் முறை. அண்ணன் கையெழுத்துப் போட்ட படிவத்தின் ஒரு பிரதி அவரிடம் இருக்க வேண்டும். அதில் நெறிமுறைக் குழு என்று ஒரு போன் எண் இருக்கும், ஆய்வு டாக்டர் எண் இருக்கும், ஆய்வுப் பதிவு எண் இருக்கும். எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். படிவமே இல்லை என்றால் அது ஆராய்ச்சி வார்டு இல்லை, அப்போது நேரத்தை வீணாக்காமல் அந்த நாட்டு இந்தியத் தூதரகத்துக்குப் போன் செய்யுங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் புகார் பதியுங்கள், சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறைக்கும் சொல்லுங்கள். மூன்றையும் ஒரே நாளில் செய்யலாம்.

ஊசியோ மாத்திரையோ ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள் என்றால், கிளம்புமுன் கடைசி ரத்தம் எடுத்துவிட்டு, என்ன கொடுத்தோம், எத்தனை டோஸ், என்றைக்கு என்று ஒரு தாளில் எழுதி டாக்டர் கையெழுத்தோடு வாங்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஊரில் டாக்டர் கேட்கும்போது காட்ட அந்தத் தாள் ஒன்றுதான் இருக்கும்.

உங்கள் கடிதத்தில் அண்ணனுடைய எண்ணும் இருந்தது. சனிக்கிழமை இரண்டு தடவையும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவையும் கூப்பிட்டேன், அணைந்திருக்கிறது. உங்கள் எண்ணில் ஒரு இலக்கம் குறைகிறது. இந்த இதழைப் பார்த்ததும் அலுவலகத்துக்குப் போன் செய்து முழு எண்ணையும் சொல்லுங்கள்.